டீச்சர் சொன்னதும் நான் சொன்னதும்

கம்பெனி லைனில் ஐந்து வருடம் நின்று பழகிய உடம்புக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருங்காட்டுக்கோட்டையில், கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். மகன் வயிற்றில் இருந்தபோது விட்டுவிட்டேன். ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த கணவரின் ஊரில் குடித்தனம். காலை ஒன்பது மணிக்குள் சமையல், துணி, பாத்திரம் எல்லாம் முடிந்துவிடும். அதன்பின் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருக்கும் கணவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கொஞ்ச நேரம் குந்துமே. நீ நடக்கிற சத்தத்துல எனக்குத் தூக்கமே வரல" என்பார்.

மகனுக்கு மூன்று வயது முடிந்ததும் ஊர்ப் பால்வாடியில் சேர்த்தேன். ஒரே ஓர் அறை, சின்னச் சமையலறை, கம்பிக் கேட். முன்பெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் வந்த இடம். இப்போது ஊருக்குப் பின்னால் வரிசை வரிசையாக லைன் வீடுகள் வந்துவிட்டன. பீகார், ஜார்க்கண்ட், ஒரிசா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஒரு வரிசைக்கு எட்டு வீடு, பத்து வீடு என்று குடியிருந்தார்கள். பால்வாடியில் பாதிக்கு மேல் அவர்கள் பிள்ளைகள்தான்.

டீச்சர் படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். எந்தப் பிள்ளை போன மாதம் எத்தனை கிலோ, எது முட்டையின் மஞ்சளை ஒதுக்கும், எதற்கு வெயில் பட்டால் மூக்கில் ரத்தம் வரும் என்று எல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பார். ஆனால் பிள்ளைகளின் அம்மாக்களோடு அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கேட்டுக்கு வெளியே அவர்கள் நிற்பார்கள், உள்ளே இவர் நிற்பார், நடுவில் பிள்ளை கைமாறும். அவ்வளவுதான்.

ஒருநாள் மதியம் மகனைக் கூப்பிடப் போனபோது டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"யம்மா, நீ கம்பெனில இந்தில பேசினு இருந்தியாமே? இவங்களாண்ட கேளு. இன்னாத்துக்கு நாலு நாளா புள்ளைங்கள அனுப்பல?"

வாசலில் மூன்று பெண்கள் தயங்கி நின்றிருந்தார்கள். கேட்டேன். நடந்தது இதுதான்: போன வாரம் டீச்சர் 'நாளைக்கு லீவு' என்று சொல்லி, கையை இரண்டு பக்கமும் விரித்து ஆட்டியிருக்கிறார். பால்வாடியையே மூடிவிட்டார்கள் என்று அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் சொன்னதும் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து அந்தப் பெண்களும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். நான் நடுவில் நின்றேன். வேலையை விட்ட பிறகு, என்னால் ஒரு காரியம் நடந்தது என்று தோன்றிய முதல் நாள் அது.

மறுநாளிலிருந்து மதியம் பன்னிரண்டு மணிக்கே போய்விடுவேன். யாருக்குத் தடுப்பூசி, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சத்துமாவு தீர்ந்தது, எல்லாம் என் வழியாகத்தான் போனது. லைன் வீட்டுப் பெண்கள் என் போனுக்குக் குரல் பதிவு அனுப்புவார்கள். நான் ஓடிப்போய் டீச்சரிடம் சொல்வேன். அவர் பதில் சொல்வார். நான் திரும்ப ஓடுவேன். உட்கார நேரமில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

எப்போது மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன் என்று யோசித்துப் பார்த்தால், அது இரண்டாவது வாரமே தொடங்கிவிட்டது.

"இந்தப் புள்ளய குளிப்பாட்டி அனுப்பச் சொல்லு. பக்கத்துல குந்த முடியல, நாறுது" என்றார் டீச்சர் ஒரு பெண்ணைப் பார்த்து. நான் இந்தியில், "வெயில் காலம் பாருங்க, ரெண்டு வேளை குளிப்பாட்டினா பிள்ளைக்கு நல்லதுன்னு டீச்சர் சொல்றாங்க" என்றேன். அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையாட்டினாள். இன்னொருத்தி, "தினமும் இந்தச் சாம்பார் சோற்றையே போட்டால் என் பையன் எப்படித் தின்பான், அவங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படிப் போடுவாங்களா" என்றாள். நான் டீச்சரிடம், "பையனுக்குச் சாம்பார் இன்னும் பழகலையாம் டீச்சர், கொஞ்சம் கொஞ்சமாப் பழகிருவான்னு சொல்லுதாங்க" என்றேன். டீச்சர் அந்தப் பையன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

இரண்டு பக்கமும் சிரித்த முகம். என்னைப் போல ஆள் கிடைக்குமா என்று எனக்கே ஒரு பெருமை இருந்தது.

பிள்ளைகளில் ஒரு பெண்குழந்தை; அதற்கு அப்போது நாலரை வயது இருக்கும். இரட்டைச் சடை, எப்போதும் லேசாகத் திறந்த வாய், சளி ஒழுகும் மூக்கு. யாரோடும் பேசாது. எல்லாப் பிள்ளைகளும் பாட்டுக்குக் கை தட்டும்போது, பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துப் பார்த்து, அரை நொடி பிந்தித் தட்டும். அவள் அம்மா பீகாரிலிருந்து வந்தவள், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், பேக்கிங் பிரிவில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குமேல்தான் வருவாள். அதுவரை பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வாள். கணவனுக்கு வேறு கம்பெனி. என்னை 'தீதி', அக்கா, என்று கூப்பிடுவாள். என் இந்தியில் ஆண்பால் பெண்பால் தப்பாக வரும்போதெல்லாம் அடக்க முடியாமல் சிரிப்பாள். அவள் சிரிப்புக்காகவே நான் இன்னும் கொஞ்சம் தப்பாகப் பேசுவேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவள் லீவு போட்டு மதியமே வந்திருந்தாள். டீச்சர் கேட்டருகே வந்து என்னிடம் சொன்னார்:

"கூப்ட்டா திரும்பவே மாட்டேங்குது. பின்னாடி நின்னு கத்துனாக்கூட அதுபாட்டுக்குக் குந்தினு கீது. ஒண்ணு செவிடா இருக்கணும், இல்லாட்டி மந்தம். பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போயி காதைக் காட்டச் சொல்லு. தள்ளிப் போடக் கூடாதுனு சொல்லு."

குழந்தை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் டீச்சர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் பிறந்தது பம்பாயில். அப்பா அங்கே ஓர் இட்லிக் கடையில் மாவாட்டினார். தெருவில் இந்தி, வீட்டில் திருநெல்வேலித் தமிழ். ஏழு வயதில் ஊருக்குத் திரும்பி இரண்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். பாதித் தமிழும் பாதி இந்தியுமாக நான் பேசியதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதோடு வாயை மூடியவள்தான், ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் திறக்கவில்லை. அங்கிருந்த டீச்சர் அம்மாவை வரச் சொல்லி, என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே, "ஒம் பிள்ளைக்கு என்னமோ கோளாறு இருக்கு. ஊமையா மந்தமான்னு தெரியல" என்றார். அதன்பின் அம்மா என்னைக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு அலைந்தாள். நாக்கில் தேனைத் தடவினார்கள், வசம்பைத் தடவினார்கள். எனக்கு ஒரு கோளாறும் இல்லை. பயம், அவ்வளவுதான்.

அந்த 'மந்தம்' என்ற வார்த்தையை இந்தியில் என் வாயால் சொல்ல முடியவில்லை. குழந்தை வேறு நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப அமைதியான பிள்ளைன்னு டீச்சர் சொல்றாங்க" என்றேன். "வீட்டில் ஒரு பாஷை, இங்கே ஒரு பாஷை இல்லையா, அதனால் பேச்சு வரக் கொஞ்ச நாள் ஆகும். கவலைப்பட வேண்டாமாம்."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். மகளின் தலையில் கைவைத்து, "நானும் பயந்துகொண்டே இருந்தேன் தீதி. டீச்சரே சொன்னால் சரிதான்" என்றாள். டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"எப்ப இட்டுனு போறாங்களாம்?" என்றார் டீச்சர்.

"வீட்டுக்காரருக்கு லீவு கெடச்சதும் போவாங்களாம் டீச்சர்."

வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன். நானே அப்படி இருந்தவள்தானே. ஆனாலும் அன்றைக்குச் சாதத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

டீச்சர் மறக்கிற ஆள் இல்லை. அடுத்த வாரம் கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். "அந்தப் பொண்ணு போச்சா ஆஸ்பத்திரிக்கு?" லீவு கிடைக்கவில்லை என்றேன். ஓடி ஓடி ஓ.டி. பார்க்கிறார்கள் என்றேன். நாலாவது வாரம் அவர், "சரி, அவளாண்ட நானே போயி சைகைல சொல்லிக்கிறேன். இன்னைக்கு வரட்டும்" என்றார்.

"போய்ட்டு வந்துட்டாங்க டீச்சர்" என்றேன். "டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாராம்."

அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அதற்குமுன் வார்த்தைகளைத்தான் மாற்றியிருந்தேன். அன்றைக்கு, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னேன். டீச்சர், "அப்பிடியா? காது நல்லாத்தான் கீதா?" என்று மட்டும் கேட்டார்.

அதுவரை அந்தக் குழந்தையைத் தன் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் உட்காரவைத்திருந்தார். மறுநாளிலிருந்து அது பின்வரிசைக்குப் போனது. காது கேட்கிறது, ஆனால் சொன்னால் கேட்பதில்லை என்றால் அது பிடிவாதம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். "கொழுப்பு பாரு, எத்தினி வாட்டி கூப்ட்றேன்" என்று அதட்டுவார். குழந்தை அவர் வாயையே பார்க்கும். பிறகு பக்கத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, அதையே செய்யும். நான் கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தேன். பேசாமல் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பேசவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் அம்மாவிடம் கேட்டு, மதியத்தில் குழந்தையை என் வீட்டுக்கே கூட்டிவர ஆரம்பித்தேன். எதிரில் உட்காரவைத்துத் தண்ணி, சோறு, பந்து, பூனை என்று தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொல்வேன். என் உதட்டைக் கூர்ந்து பார்த்து அதுவும் சொல்லும். இரண்டே வாரத்தில் 'தண்ணி' என்று தெளிவாகச் சொன்னது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா, நான் சொன்னதுதானே நடந்தது என்று மனம் குதித்தது. குழந்தை உதட்டைப் பார்த்துத்தான் சொல்கிறது என்பது கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம். என் மகனையும் அந்தக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பால் பூத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கம்பெனிப் பேருந்து ஒன்று எங்கள் தெருமுனையில் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும். அங்கே அது தினமும் நடப்பதுதான். நான் பூத்தில் பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தேன். பேருந்து பின்னால் வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினார். அந்த ஹாரன் சத்தத்துக்குப் பூத்துக்காரரே திடுக்கிட்டார். என் மகன் ஓடிவந்து என் சேலைக்குள் புகுந்துகொண்டான். அந்தக் குழந்தை மட்டும் பேருந்துக்கு முதுகைக் காட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்கிய தண்ணீரில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தது. ஹாரன் மறுபடி கத்தியது. மறுபடியும். அது கோடு போட்டுக்கொண்டே இருந்தது.

பால் பாக்கெட்டை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். மூன்றடி இடைவெளி இருந்திருக்கும். குழந்தைக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. இழுத்ததால் கை வலித்து, என்னை ஆச்சரியமாகப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து, முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கை தட்டினேன். தட்டைத் தட்டினேன். என் மகன் இது ஏதோ விளையாட்டு என்று தானும் தட்டினான். குழந்தை திரும்பவில்லை.

கணவர் எழுந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் பார்த்தார் என்ற பொய் உட்பட. அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது.

"டீச்சர் சொன்னத சொல்லாம நீ ஏன்மே டாக்டர் ஆன?" என்றார். "போ. இப்பவே போயி சொல்லு."

போனேன். அன்றைக்குக் குழந்தையின் அம்மாவுக்கு ஓ.டி., வீடு பூட்டியிருந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். மாலையில் மறுபடி போனேன். விளக்கு எரிந்தது, அவள் கணவனின் குரலும் கேட்டது. அவன் இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று வந்துவிட்டேன். அது சாக்குதான். தெருமுனை வரை வந்து, மறுபடி திரும்பி, மறுபடி வந்து, அந்த லைன் வீட்டு நாய்க்கே என்னைப் பார்த்துக் குரைத்து அலுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொதுக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, நுரைக் கையால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். என் இந்தி எல்லாம் குழறியது. அன்றைக்கு அவள் என் தப்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சொல்லி முடித்ததும், "டீச்சர் அன்றைக்கு என்ன சொன்னார்? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்" என்றாள்.

சொன்னேன். செவிடு. மந்தம். பெரியாஸ்பத்திரி. தள்ளிப் போடக் கூடாது. ஒன்றையும் விடவில்லை.

விரல்விட்டு மாதத்தை எண்ணினாள். பிறகு குழாயை மூடினாள்.

"கூப்பிட்டால் வரவில்லை என்று அவளை நான் அடித்தேன் தீதி" என்றாள். "ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். அப்போ திமிர்தான் என்று அடித்தேன். போன வாரம்கூட அடித்தேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துவைக்காத துணி கல்லிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பால்வாடிக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் எதிர்ச்சாரியில் மளிகைக் கடையோரம் நின்றேன். அவள் தன் காதைத் தொட்டாள், குழந்தையின் காதைத் தொட்டாள், இரண்டு கையையும் விரித்தாள். டீச்சர் ஏதோ கேட்டார். அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். பிறகு அழுதாள். டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து அவள் தோளைப் பிடித்தார். பால்வாடியை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் குழந்தையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். ஒரு பாஷையும் பொதுவில் இல்லாமல்தான் ஏறினார்கள்.

அன்று முழுவதும் நான் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தேன். டீச்சர் மறுநாள் என்னைப் பார்த்தார். நானாக வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்தார்.

"நான் கரடுமுரடாத்தான் பேசுவேன். என் வாய் அப்பிடி. அதுக்கு அவ என்னை நாலு கேள்வி கேட்டிருப்பா, நான் வாங்கிகினு இருப்பேன். அது எனக்கும் அவளுக்கும். ஊடால பூந்து அத மாத்த நீ யாரு?"

"தப்புதான் டீச்சர்."

"கொழுப்புனு சொல்லி அந்தப் புள்ளய பின்னாடி குந்தவச்சேன்டி நானு." அவர் குரல் முதல் தடவையாகத் தெருமுனை வரை கேட்காத அளவுக்கு இறங்கியது. "நீ சொன்னத நம்பினு."

இரண்டு காதிலும் திரைக்குப் பின்னால் நீர் கோத்து, பசைபோல ஆகியிருந்ததாம். மூக்கின் பின்னால் சதை வளர்ந்து அடைத்திருந்ததாம். வாயைத் திறந்துகொண்டே இருந்தது அதனால்தான். சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். முதலில் மருந்து. மருந்துக்குக் கேட்காததால் பொங்கல் முடிந்து ஒரு சின்ன ஆபரேஷன். ஆடி மாதமே போயிருந்தால் மருந்தோடு போயிருக்குமா என்று டீச்சரிடம் கேட்டேன். "போயிருக்கலாம், போவாமயும் இருந்திருக்கலாம்னாரு. தெரியாதாம்" என்றார். அந்தத் 'தெரியாது' இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எங்காவது ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இந்த விஷயமெல்லாம் எனக்கு டீச்சர் மூலமாகத்தான் தெரிந்தது. அவருக்கு அந்தப் பெண்ணே சொன்னாள். எப்படியோ பேசிக்கொண்டார்கள். டீச்சர் ஒரு நோட்டில் தமிழில் இந்தி வார்த்தைகளை எழுதி வைத்திருந்தார்: காது, வலி, மருந்து, நாளை, பயப்படாதே. அந்தப் பெண் டீச்சரிடம் கற்ற தமிழ் அப்படியே டீச்சர் தமிழாகவே இருந்தது. "டீச்சர், பாப்பா இன்னா சாப்ட்ச்சி?" என்று அவள் கேட்டதை ஒருநாள் கேட்டேன். ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு இன்னும் அந்த 'இன்னா' வாயில் வரவில்லை.

மாசி மாதத்தில் டீச்சர் மறுபடி என்னைக் கூப்பிட்டார். வேறு வழியில்லை, ஜார்க்கண்டிலிருந்து வந்த புதிய குடும்பம் ஒன்று. அவர்கள் பையன் மற்ற பிள்ளைகளைக் கடித்துவைத்துக்கொண்டிருந்தான். பையனின் அப்பா வந்திருந்தார், யூனிபார்ம் சட்டையோடு.

டீச்சர் என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "நான் இன்னா சொல்றனோ அத்த மட்டும் சொல்லு." பிறகு அவரைப் பார்த்து, "உங்க புள்ள எல்லாரையும் கடிக்குது. வூட்ல யாராவது அதப் போட்டு அடிக்கிறீங்களா?"

சொன்னேன். அப்படியே சொன்னேன். அந்த ஆள் முகம் சிவந்துவிட்டது. "இங்கே என் பிள்ளையை 'இந்திக்காரன்' என்று பிள்ளைகள் தள்ளிவிடுகிறார்கள். அதை இந்த அம்மா தடுத்தாரா? கேளுங்கள்!" என்று கத்தினார். அதையும் அப்படியே டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் பதிலுக்குக் கத்தினார். நான் அந்தக் கத்தலைக் கொண்டுபோய் இந்தியில் போட்டேன். இரண்டு பக்கக் கோபத்துக்கும் நடுவில் நின்றேன். ஓடிவிடலாமா என்றிருந்தது. பத்து நிமிடத்தில் சத்தம் குறைந்தது. வீட்டில் அடிப்பதுண்டு என்று பையனின் அப்பா ஒத்துக்கொண்டார். தள்ளிவிட்ட பிள்ளைகள் யார் யார் என்று பையனிடமே கேட்கச் சொன்னார் டீச்சர், நான் கேட்டேன். பையன் கைகாட்டிய மூவரில் ஒருவன் என் மகன். அதையும் அப்படியே சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்து வந்த குழந்தைக்கு முதல் சில வாரம் எல்லாச் சத்தமும் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் அழுதது. பிறகு பேச ஆரம்பித்தது. அம்மாவோடு இந்தி, டீச்சரோடு தமிழ், இரண்டையும் உரக்க. இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்ததுபோல நிறுத்தாமல் பேசியது. அவள் அம்மா என்னைத் தெருவில் பார்த்தால் தலையசைப்பாள். அதற்குமேல் இல்லை. நான் ஒருதரம் வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பஞ்சாமிர்தம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், வாசலிலேயே.

ஜூனில் குழந்தையை ஊர் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். முதல்நாள் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அந்த வகுப்பு டீச்சருக்கு விஷயம் தெரியுமா, முன்வரிசையில் உட்காரவைப்பார்களா, பெயரை மெதுவாகக் கூப்பிட்டால் மறுபடி கூப்பிடுவார்களா என்று மனம் அலைந்தது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றேன்.

குழந்தையின் அம்மா வெளியே வந்தாள். தனியாக வந்தாள், குழந்தை உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஃபர்ஸ்ட் பெஞ்ச்" என்றாள். பிறகு தமிழில், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, "காது விஷயம் நானே டீச்சராண்ட சொல்லிட்டேன்" என்றாள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உள்ளே வருகைப் பதிவு எடுக்கும் குரல் கேட்டது. ஒவ்வொரு பெயராக வந்தது. அந்தக் குழந்தையின் பெயர் வந்ததா, அது பதில் சொன்னதா என்று கேட்டின் மேல் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே பிள்ளைகள் போட்ட இரைச்சலில் எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.